எழுத்து விழாத வரி

மேஸ்திரி விட்ட முதல் அறையிலேயே கொசுவுக்குக் காது அடைத்துப்போனது. சுதாரிப்பதற்குள் அவனைச் சட்டையோடு கொத்தாகத் தூக்கி, குளிர்கிடங்கின் இரும்பு ஷட்டரில் ஒரு சாத்து சாத்தினார் அந்த மனுஷன். ஷட்டர் போட்ட சத்தத்தில் மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

"வெளியாள் யாரும் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்குல்ல? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"இதுவரைக்கும் முன்னாடிதான் இருந்துச்சு. இன்னொண்ணு விட்டீங்கன்னா பொடனிக்குப் போயிடும்," என்றான் கொசு. உதட்டில் ரத்தம் வழிந்தாலும் இவனுக்கு வாய் மூடாது. இவனுக்குக் கொசு என்று பேர் வைத்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். அடித்து விரட்டினாலும் திரும்பக் காதோரம் வந்து பாடுகிற ரகம்.

மேஸ்திரி மறுபடி கை ஓங்கியபோதுதான் சித்தி வந்து சேர்ந்தாள். கையில் இருந்த ஸ்டீல் ஃபிளாஸ்க்கால் மேஸ்திரியின் முழங்கால் சில்லில் ஒரே போடு. அவ்வளவு பெரிய ஆள் "ஐயோ, அம்மா!" என்று மடங்கி உட்கார்ந்தார்.

"அம்மா இல்லைங்க, சித்தி," என்றான் கொசு கன்னத்தைத் தடவிக்கொண்டே.

கொசுவின் அம்மாவுக்கு நேர் இளையவள் இந்தச் சித்தி. ஒரு காலத்தில் போலீஸில் இருந்தாள். லாக்கப்பில் ஒரு ஆளை மேலதிகாரி அடித்தே கொன்றதைப் பார்த்து, அந்த மேலதிகாரியின் தாடையைப் பெயர்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தவள். இப்போது துப்பறியும் தொழில். கொசு அவளுக்கு டிரைவர், உதவியாளர், அவ்வப்போது அடி வாங்குகிறவன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை பார்த்த இடத்திலெல்லாம் வாயால் வேலையை இழந்தவன். வேறு யார் வைத்துக்கொள்வார்கள்?

அவர்களுக்குப் பின்னால், சித்தியைத் தேடி வந்து இங்கே கூட்டிவந்த பெண் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கி, சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிப் பிடித்திருந்தாள். அவளைப் பார்த்ததும் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குளிர்கிடங்கில் அவளைத் தெரியாதவர் கிடையாது.

அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தார்கள். லோடுமேன்கள் அவர்களுக்கு வைத்த பேர் பெரிய சிஸ்டம், சின்ன சிஸ்டம். பெரிய சிஸ்டம் இவளுடைய அண்ணன். சின்ன சிஸ்டம் இவள் புருஷன். பெரிய சிஸ்டத்தை நாற்காலியில் கட்டிவைத்து, இரும்புத் தடியால் மண்டையைப் பிளந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்காமல் நேற்று போய்ச் சேர்ந்துவிட்டார். சின்ன சிஸ்டம் அதற்கு முன்பே லாக்கப்பில்.

காரணமும் போலீஸ் கையில் ரெடியாக இருந்தது. சம்பவத்தன்று காலையில்தான் பெரிய சிஸ்டம் அத்தனை பேர் முன்னாலும் தங்கச்சி புருஷனைப் பார்த்து, "உன் அக்கவுண்டை எடுத்தாச்சு. இனிமே இந்த மெஷின் பக்கம் வராதே, வீட்டுக்குப் போ," என்று கத்தியிருக்கிறார். சின்ன சிஸ்டம் வீட்டுக்கு வந்து சோற்றுத்தட்டைச் சுவரில் வீசியடித்து, "உங்க அண்ணனை வெட்டாம விடமாட்டேன்" என்று குதித்திருக்கிறான். அந்த வார்த்தையைப் போலீஸில் போய்ச் சொன்னது வேறு யாருமில்லை, இவளேதான்.

"சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டதா அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுவாங்க, அக்கா," என்றாள் சித்தியிடம். "அடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. எங்க அண்ணனை அவர்தான் கொன்னார்னா, நானே அவரைக் கொன்னுடறேன். அவர் செய்யலைன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?"

சித்தி அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஆறுதல் சொல்லத் தெரியாதவள், அவ்வளவுதான் வரும்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மேஸ்திரியைக் கடிந்துகொண்டார், கொசுவுக்குத் தண்ணீர் கொடுத்தார், அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட்டு முன்னறையில் உட்கார வைத்தார். இப்படி ஒரு நல்ல மனுஷனா என்று கொசுவே உருகிவிட்டான்.

"தாராளமா பாருங்க மேடம். போலீஸ் பார்த்து முடிச்சுட்டாங்க. சாவி அவங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கும். நான் அந்த ரூமுக்குள்ள இதுவரைக்கும் காலடி வெச்சதே இல்லை. இப்பவும் வரமாட்டேன், ரத்தம்னா எனக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சர்வர் ரூம் ஒரு ஆள் கை கால் நீட்டிப் படுக்கிற அளவுதான். உள்ளே இரும்பு அலமாரியில் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. நடுவில் அந்த நாற்காலி. கைப்பிடியில் ஒயர் கட்டிய தடம், கீழே காய்ந்து கறுத்த ரத்தம், சுவரில் தெறித்த ரத்தம். ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பல். கொசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சித்தி மட்டும் அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் இரண்டு கீபோர்டுகள் கிடந்தன. மூன்றாவது ஒன்று மெஷினில் மாட்டியிருந்தது, அதன் மேலும் ரத்தம்.

"ஒரு மெஷினுக்கு எதுக்குடா இத்தனை கீபோர்டு?"

"சண்டையில பக்கத்து ரூம்லேருந்து எடுத்து எறிஞ்சிருப்பாங்கன்னு போலீஸ் எழுதியிருக்கு. இரும்புத் தடி கையில இருக்கும்போது கீபோர்டால அடிக்கிற கொலைகாரன், அவனைக் கொஞ்சம் பாவம்னுதான் சொல்லணும்."

சித்தி குனிந்து ஒயரின் நுனியைப் பார்த்தாள். பிடுங்கி எறிந்த மாதிரி இல்லை. பதமாகக் கழற்றியிருந்தது. எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு, நின்றபடியே கறுப்புத் திரையைப் பார்த்தாள். பேரைக் கேட்டு ஒரு வரி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதுல உள்ள போறது எப்படிடா?"

"முதல்ல பேர். என்டர். அப்புறம் பாஸ்வேர்டு. என்டர். உங்க பேர் இதுல கிடையாது, உள்ள விடாது. ஆனா அடிச்சுப் பாருங்க, மெஷின் உங்களைத் திட்டுறதைப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

கீழே கிடந்ததில் ஒன்றைத் துடைத்து மாட்டிக்கொடுத்தான். சித்தி ஒற்றை விரலால் "சித்தி" என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். எழுத்துக்கள் பளிச்சென்று விழுந்தன. என்டர் தட்டினாள். மெஷின் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் அழுத்தி அடித்தாள். ஊகூம்.

"டேய், இது செத்துப்போச்சுடா. வேற கீபோர்டு எடு."

கொசு வாய்விட்டே சிரித்துவிட்டான். "சித்தி, கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ் மெஷின் அப்படித்தான். பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு எழுத்தும் காட்டாது, நம்ம வீட்டு கம்ப்யூட்டர் மாதிரி புள்ளி புள்ளியாகூட வராது. எத்தனை எழுத்துன்னுகூட பின்னாடி நிக்கிறவனுக்குத் தெரியக்கூடாதாம். நீங்க பாட்டுக்கு அடிச்சுட்டு என்டர் தட்ட வேண்டியதுதான். வேற கீபோர்டு எடுங்கறாங்க! இன்னும் ரெண்டு கீபோர்டு மாத்தினாலும்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள்.

"மாத்தியிருக்கான்," என்றாள் சித்தி மெதுவாக. "நான் இப்போ கேட்ட மாதிரியே, ஒண்ணு செத்துப்போச்சுன்னு இன்னொண்ணு. அதுவும் செத்துப்போச்சுன்னு இன்னொண்ணு."

"அப்போ சின்ன சிஸ்டம் இல்லை! அந்தாளு வருஷக்கணக்கா இதுல தினம் உள்ள போய் வர்ற ஆளு. தூக்கத்துல எழுப்பினாலும் இதைக் கீபோர்டு கோளாறுன்னு நினைக்க மாட்டான்."

"மேஸ்திரியும் இல்லை."

"ஏன்? அந்தாளு கை எவ்வளவு கனம்னு என் கன்னத்தைக் கேளுங்க."

"மேஸ்திரிக்கு எழுத்து விழணும்னே தெரியாதேடா. விழலைன்னு அவன் ஏன் பதறப்போறான்? ஒயரைக் கழற்றி மாட்டணும்னு அவனுக்குத் தோணுமா? முழுசாத் தெரிஞ்சவனும் இதைச் செய்ய மாட்டான், சுத்தமாத் தெரியாதவனும் செய்ய மாட்டான். இது என்னை மாதிரி அரைகுறை செஞ்ச வேலை. தினம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றவன், பாஸ்வேர்டுன்னா புள்ளி வரும்னு பழகினவன்."

மேனேஜர் கொடுத்த தண்ணீரைக் குடித்தோமே என்றிருந்தது கொசுவுக்கு.

சித்தி மேனேஜரையும் மேஸ்திரியையும் கூப்பிட்டனுப்பினாள். மேனேஜர் மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மேஸ்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஒரு நல்ல சேதி சார்," என்றாள் சித்தி. "பெரிய சிஸ்டத்தோட பாஸ்வேர்டு அவர் தங்கச்சிக்குத் தெரியுமாம். இப்பவே உள்ள போய் அவர் என்ன வெச்சிருந்தார்னு பார்த்துடலாம்."

பச்சைப் பொய். கொசு இருமலை அடக்கிக்கொண்டான்.

மேனேஜர் பரிதாபமாகச் சிரித்தார். "தெரிஞ்சு என்ன பிரயோஜனம் மேடம்? அந்த மெஷின் ரிப்பேர். பேரை வாங்கிக்கும், அடுத்த வரியில எழுத்தே விழாது."

"எந்த வரியில?"

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இந்த ரூமுக்குள்ள காலடியே வெச்சதில்லைன்னீங்களே சார்," என்றாள் சித்தி. "சிஸ்டம் ரெண்டு பேர் சொல்லித் தெரிஞ்சுதுன்னு சொல்லாதீங்க. அவங்களுக்கு அது ரிப்பேரே கிடையாது. அதை ரிப்பேர்னு நினைச்சவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். கீபோர்டு மேல கீபோர்டா மாத்தினவன்."

ரத்தம் ஆகாது என்று சொன்ன மனுஷன் என்ன வேகம்! சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைப் பிய்த்தெடுத்து ஓங்கி வீசினார். சித்தியின் தலைக்கு வந்ததைக் கொசு குறுக்கே பாய்ந்து தோளில் வாங்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. சித்தி திரும்புவதற்குள் அவள் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்து, முகத்தை இரும்பு அலமாரியில் மோதினான் அந்தப் பாவி. (இனி இவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது!) மறுபடி மோதினான். பிறகு கீபோர்டு ஒயரை அவள் கழுத்தில் போட்டு இறுக்கினான். சித்தியின் கால்கள் தரையில் உதைத்துக்கொண்டன.

கொசுவுக்கு வலது கை எழவில்லை. இருக்கிற ஆயுதம் வாய் ஒன்றுதான். தவழ்ந்து போய் மேனேஜரின் கெண்டைக்காலில் பல் பதியக் கடித்தான், சதை வாயில் வரும்வரை விடவில்லை. மேனேஜர் அலறி, பிடி தளர்த்தி, தடுமாறி அலமாரி விளிம்பைப் பிடித்தான். சித்தி மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. அலமாரியின் கனத்த இரும்புக் கதவை முழு வேகத்தில் அடித்துச் சாத்தினாள். நாலு விரலும் உள்ளே. விரல்கள் நொறுங்கின சத்தத்தையும் அதற்குப் பின் வந்த ஊளையையும் கேட்டு முன்னறையில் இருந்த பெண் ஓடி வந்தாள். அதற்குள் மேஸ்திரி நொண்டிக்கொண்டே வந்து மேனேஜரைக் குப்புறத் தள்ளி முதுகில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் என்னைக் கிண்டல் பண்ணினான்!" என்று தரையில் கிடந்து கத்தினான் மேனேஜர். "முதல் அடியிலேயே பாஸ்வேர்டு சொல்லிட்டான். அதைத்தான் அடிச்சேன். ஒரு எழுத்து விழலை! கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு வேற மாத்தினேன், அதுலயும் விழலை. 'அது அப்படித்தான் சார், விழாது, என்டர் தட்டுங்க'ன்னு சொன்னதையே சொல்றான். வாயெல்லாம் ரத்தம், அப்பவும் அதையே சொல்றான். என்னை முட்டாள்னு நினைச்சுட்டான். அதான் அடிச்சேன்."

"என்ன பாஸ்வேர்டு சொன்னார்?" என்று கேட்டாள் சித்தி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு. குரலே வரவில்லை.

சொன்னான். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன், செத்தவருடைய பாஸ்வேர்டு அவரோடு இருக்கட்டும். கொசு இடது கையால் பெரிய சிஸ்டத்தின் பேரை அடித்தான். வெற்று வரியில் பாஸ்வேர்டை அடித்தான். ஒரு எழுத்தும் விழவில்லை. என்டர் தட்டினான்.

திறந்துகொண்டது.

"உண்மையைத்தான்யா சொல்லியிருக்கார்," என்றான் கொசு. "என்டர் தட்டியிருந்தா உள்ள போயிருப்பே. அந்த மனுஷனும் உயிரோட இருந்திருப்பார்."

அந்தப் பெண் அதைக் கேட்டாள். தரையில் கிடந்த கீபோர்டைக் கையில் எடுத்து, மேனேஜரின் முகத்திலேயே அறைந்தாள். "விழுதா எழுத்து? இப்ப விழுதா பாருடா! பாரு!" மூக்குக்கண்ணாடி தெறித்தது, மூக்கு சிதைந்தது, கீபோர்டு பொத்தான்கள் ரத்தத்தோடு அறையெங்கும் பறந்தன. மேஸ்திரி தடுக்கவில்லை. சித்தியும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தடுத்தாள்.

உள்ளே போன கொசுவுக்குத் தேடுகிற வேலையே இல்லை. போன வாரம் இங்கே ஒரு லோடுமேன் செத்திருந்தான், ஏணியிலிருந்து விழுந்துவிட்டான் என்று கணக்கை முடித்திருந்தார்கள். அவனை உறைபனி அறைக்குள் இறைச்சிக் கொக்கியால் மேனேஜர் அடித்துக் கொல்கிற காட்சி கேமரா பதிவில் அப்படியே இருந்தது. கெட்டுப்போன இறைச்சியை மறுபடி உறையவைத்து அனுப்புவதை வெளியே சொல்லிவிடுவேன் என்றானாம் அந்த அப்பாவி, மேனேஜரே ஒப்புக்கொண்டான். இதை அழிக்கத்தான் இத்தனை ரத்தமும்.

"உங்க வீட்டுக்காரர் அக்கவுண்டையும் பார்த்தேன்மா," என்றான் கொசு அந்தப் பெண்ணிடம். "உங்க அண்ணன் அதை அழிக்கலை. அழிச்சிருந்தா பேரே இருக்காது. பாஸ்வேர்டுக்கு முன்னாடி ஒரு ஆச்சரியக்குறி போட்டுப் பூட்டி மட்டும் வெச்சிருக்கார். குறியை எடுத்தா பழையபடி வேலைக்கு வரலாம், அவர் ஃபைல் ஒண்ணுகூடக் கலையலை. அன்னிக்குக் காலையில கேமரா பதிவை அழிக்கிற உரிமையை மேனேஜர்கிட்டேருந்தும் எடுத்திருக்கார், எல்லார்கிட்டேருந்தும் எடுத்திருக்கார். தன்கிட்ட மட்டும் வெச்சுக்கிட்டார்."

"எதுக்கு?" என்றாள் அவள்.

சித்திதான் பதில் சொன்னாள். "அழிக்கச் சொல்லி அடிக்க வர்றவன் தன்கிட்ட மட்டும் வரட்டும்னு. உன் புருஷன் பக்கம் போகக்கூடாதுன்னுதான் அத்தனை பேர் முன்னாடி கத்தி விரட்டியிருக்கார்."

"ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்க, அக்கா," என்று அவள்தான் முதலில் வாசலுக்கு ஓடினாள்.

ஸ்டேஷனுக்கு மேனேஜரை மேஸ்திரி ஒரு கையால் இழுத்துக்கொண்டே வந்தார். பதிவைப் பார்த்த இன்ஸ்பெக்டர் சித்தியின் முகத்தைப் பார்க்காமல் லாக்கப் சாவியை ஏட்டிடம் கொடுத்தார். பார்த்திருந்தால் இன்னொரு தாடை பெயர்ந்திருக்கும், அவருக்கும் பழைய கதை தெரியும்.

சின்ன சிஸ்டத்தை இரண்டு பேர் தாங்கிப்பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடியே போயிருந்தது. உள்ளங்கால் தரையில் பட்டால் துடித்தான். கைவிரல் நகங்கள் கறுத்திருந்தன. மனைவியைப் பார்த்ததும் அந்த வீங்கிய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மச்சான் கண்ணு முழிச்சுட்டாரா?" என்றான். "எனக்குத் தெரியும். எவ்வளவு அடிச்சாலும் கையெழுத்து போடலை நான். மச்சான் எழுந்து உட்கார்ந்து, 'அவன் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவார், அது வரைக்கும் தாங்கினா போதும்னு இருந்தேன்."

மச்சான் செத்துப்போனதை ஸ்டேஷனில் யாருமே அவனிடம் சொல்லவில்லை. இந்தக் கும்பலில் ஒருத்தனுக்குக்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

அவள் புருஷனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் போயிட்டார்ங்க. நேத்தே போயிட்டார். நீங்க வெட்டுவேன்னு குதிச்சதைப் போலீஸ்ல போய்ச் சொன்னது நான்தான்."

அவன் அவளையே பார்த்தான்.

"அப்போ..." என்று கேட்டான், "அப்போ நான் இல்லைன்னு யாரு சொன்னா?"

"அண்ணன்தான் சொன்னார்," என்று சொல்லி, அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் ஓவென்று கதறினாள்.